கேட்காமல் கொடுத்த அண்ணன்

உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவில் இருந்த அந்தக் கலைக்கல்லூரியில் பங்கிராஸ் சார் என்று கேட்டால் ஒருவேளை யாராவது யோசிப்பார்கள். ‘தங்கச்சி சார்’ என்றால் வாட்ச்மேன் முதல் கேன்டீனில் வடை சுடுகிறவர் வரை கையைக் காட்டிவிடுவார்கள். உடற்கல்வி இயக்குநர். ஒரு காலத்தில் வாலிபால் கோர்ட்டில் எகிறி அடித்தால் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவன் பந்தைத் தடுக்காமல் தலையைக் காப்பாற்றிக்கொள்வான் என்று பேர் வாங்கியவர். அப்படிப்பட்ட ஆளுக்கு இப்படி ஒரு பட்டப்பெயரா என்று புதிதாகச் சேர்ந்த வாத்தியார்கள் வாய்க்குள் சிரிப்பார்கள். அவர் கோபப்பட மாட்டார். உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான்.

பட்டம் வந்த கதை இது. தொண்ணூற்றெட்டில் ஈவ்டீசிங்குக்குத் தனிச் சட்டம் வந்தது. கல்லூரிகளில் எல்லாம் குழு போடு என்றார்கள். முதல்வர் கூட்டம் கூட்டி, யார் யார் குழுவில் இருக்கிறீர்கள் என்று கேட்டபோது ஆசிரியர்கள் அத்தனை பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பெண் ஒருத்தர் கட்டாயம் என்பதால் வரலாற்றுத் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஷரீபாவைப் பிடித்துப் போட்டார்கள். பையன்கள் பயப்பட ஓர் ஆள் வேண்டுமே என்று பங்கிராஸைப் போட்டார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று இரண்டு பேருக்கும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஷரீபா தேடிப் பிடித்துப் படித்துக்கொண்டார். பங்கிராஸ் படிக்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை, அவரிடம் வைத்தியம் தயாராக இருந்தது.

ஒரு பையன் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்தான், வழியை மறித்தான், துப்பட்டாவை இழுத்தான் என்று புகார் வந்தால், பையனைத் தம் அறைக்குக் கூப்பிடுவார். வலைகளும் தோல் பந்துகளும் அடைத்துக் கிடக்கும் அறை. கதவைச் சாத்தி ஓங்கி ஓர் அறை. பிறகு பெண்ணை வரச் சொல்வார். வாலிபால் வலை கட்டும் நைலான் கயிற்றில் ஒரு முழம் வெட்டி அவள் கையில் கொடுத்து அவன் மணிக்கட்டில் கட்டச் சொல்வார். அவன் “தங்கச்சி” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அவள் “அண்ணே” என்று சொல்ல வேண்டும். முடிந்தது வழக்கு. இரண்டு பேருக்கும் கேன்டீனில் வடை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

வடக்கே ராக்கி கட்டுகிறார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டதோடு சொந்த ஊரான ராயப்பன்பட்டியின் வாலிபால் கோர்ட்டில் கற்றதையும் சேர்த்து அவரே செய்துகொண்ட மருந்து அது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கைகொடுக்காமல் எவனும் கோர்ட்டை விட்டு வெளியே போகக் கூடாது, மூக்கில் ரத்தம் வந்திருந்தாலும் சரி என்பது அவருக்கு மாதா கோயிலில் படித்த ஞானோபதேசத்துக்கு அடுத்தபடியான வேதம். கைகொடுத்துவிட்டால் பகை தீர்ந்தது. ஆனால் கோர்ட்டில் இரண்டு பக்கமும் ஆடுகிறவர்கள். கல்லூரி வராந்தாவில் ஒருத்தன் மட்டும்தான் ஆடிக்கொண்டிருந்தான், இன்னொருத்தி நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். இந்தச் சின்ன வித்தியாசம் அவ்வளவு பெரிய மனிதருக்குத் தட்டுப்படவே இல்லை.

ஷரீபாவுக்குத் தட்டுப்பட்டது. ஒருமுறை சொல்லியும் பார்த்தார். “சார், கயித்தக் கையில குடுக்குறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளைகிட்டத் தனியா ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமே.”

“என்னத்த மேடம் கேக்குறது? அண்ணன் வேணாம்னா சொல்லப் போகுது? போலீசு, கோர்ட்டுன்னு இழுத்தா அந்தப் புள்ள பேருதேன் நாறும். இங்கன பாருங்க, இத்தன வருசத்துல ஒரு டிஸ்மிஸ் உண்டா நம்ம காலேஜ்ல?”

அவர் சொன்னது உண்மைதான். ஒரு டிஸ்மிஸ்கூட இல்லை. கயிறு கட்டிய பையன்களில் ஒருவன் அந்தப் பெண்ணின் கல்யாணப் பந்தியில் வேட்டியை மடித்துக் கட்டிச் சாம்பார் ஊற்றினான் என்று ஒரு கதை வைத்திருந்தார். அதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். கயிறு கட்டிய பெண்களில் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி அவரிடம் கதை இல்லை. ஷரீபாவுக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை, அதற்கு மேல் பேசவில்லை.

இரண்டாயிரத்து நான்கில் கௌமாரி வந்தாள்.

மார்க்கையன்கோட்டைப் பெண், பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. அப்பா இல்லை. அம்மா தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவர். வீட்டில் இவள் ஒருத்திதான். கணக்கில் கெட்டிக்காரி, பேச்சில் சிக்கனம். அவளைத் தொந்தரவு செய்தவன் கர்ணன், மூன்றாம் ஆண்டு வணிகவியல், வாலிபால் அணியில் பங்கிராஸ் சாரின் செல்லப்பிள்ளை. அவனுடைய அப்பா பேச்சிமுத்துவுக்குச் சின்னமனூர் பக்கம் வாழையும் தென்னையும் நிறைய. கல்லூரி விழாவுக்கு மேடைப் பந்தல் அவர் செலவு. பையன் பஸ்ஸில் அவளுக்குப் பின்னால் ஒட்டி நிற்பான். நூலகத்துக்குப் போகும் சந்தில் ஒருநாள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றான். அவள் ஷரீபாவிடம் சொன்னாள், ஷரீபா குழுவுக்குச் சொன்னார்.

வழக்கம்போல அறை, அறைக்குள் ஓர் அறை. செல்லப்பிள்ளை என்பதால் இரண்டாவதும் விழுந்தது. பிறகு கௌமாரியைக் கூப்பிட்டுக் கயிற்றை நீட்டினார்.

அவள் கயிற்றை வாங்கவில்லை. “சார், எனக்கு அண்ணன் வேணாம். இவரு எம்பக்கத்துல வராம இருந்தாப் போதும்.”

பங்கிராஸ் சிரித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் எந்தப் பெண்ணும் வாயைத் திறந்து இப்படிச் சொன்னதில்லை. “அடி கிறுக்கி! அண்ணன் வேணாம்னு ஊருல எவளாச்சும் சொல்லுவாளா? கூடப் பொறந்தவன் இல்லாத புள்ள நீ, நாளப்பின்ன ஒண்ணுன்னா ஓடியாற ஆளு வேணாமா? புடி ஆத்தா.” அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கயிற்றை விரலில் திணித்தார். கர்ணன் கையை நீட்டியபடி நின்றான். வாசலில் வாலிபால் அணி மொத்தமும் வேடிக்கை பார்த்தது. அவள் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை, பங்கிராஸே இறுக்கிவிட்டார். “அண்ணே சொல்லு” என்றார். உதடு அசைந்தது. அதுவே போதும் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து கர்ணன் அண்ணன் ஆனான். இதுவரை திருட்டுத்தனமாக ஒட்டி நின்றவன் இப்போது உரிமையோடு பக்கத்தில் வந்தான். பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்து வைத்தான், அதே சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தான். வகுப்பில் யாரோ ஒருவனிடம் அவள் கணக்கு விளக்கிச் சொன்னாள் என்று அவனைக் கூப்பிட்டு மிரட்டினான். அவளிடம், “அவன்கூட என்ன பேச்சு ஒனக்கு? அண்ணன் நான் கேக்குறேன்ல” என்றான். மார்க்கையன்கோட்டைக்கே போய் அவள் அம்மாவை “அம்மா” என்று கூப்பிட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்தான். அந்த அம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. பெரிய வீட்டுப் பிள்ளை, அதுவும் பங்கிராஸ் சாரே சாட்சியாக நின்று ஏற்படுத்திவைத்த அண்ணன். மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் மகளைத்தான் திட்டினார்.

அவளுக்குப் புகார் சொல்லவும் வழி இல்லாமல் போயிற்று. பின்தொடர்கிறான் என்று சொல்லலாம். அண்ணன் கூட வருகிறான் என்று சொன்னால் யார் காதில் ஏறும்? இருந்தாலும் அவள் போனாள். பங்கிராஸ் மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார், கையெல்லாம் சுண்ணாம்பு.

“சார், அந்தக் கயித்த அறுத்து விட்டுருங்க.”

“ஏன், என்ன பண்ணான்?”

“ஒண்ணும் பண்ணல சார். கூடவே வாராரு. எனக்குப் பிடிக்கல.”

“அண்ணன்னா கூட வரத்தேன் செய்வான். ஒண்ணும் பண்ணலன்னு நீயே சொல்ற. பெறகென்ன?” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பல கெடுதல்கள் நல்ல மனதோடுதான் நடக்கின்றன, அதனால் கெடுதல் ஒரு வீசம்கூடக் குறைவதில்லை.

மார்கழியில் ஒருநாள் சின்னமனூரில் ஏதோ கட்சித் தகராறு. மதியத்துக்கு மேல் பஸ் ஓடாது என்று செய்தி வந்து கல்லூரியை விட்டுவிட்டார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே கூட்டம் கூட்டமாக நின்றார்கள். ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் கை காட்டி ஏறிப் போனார்கள். கௌமாரி தோழிகளோடு நடந்தாவது போய்விடலாம் என்று நின்றபோது கர்ணன் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். “ஏறு.”

“நான் நடந்து போய்க்கிறேன்.”

கேட்டில் பிள்ளைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் பங்கிராஸ்தான். தகராறு நடக்கிற ஊர் வழியாக வயதுப் பெண் நடந்து போவதாவது என்று அவருக்குப் பதறியது. “ஏத்தா, என்ன வீம்பு பண்ணிக்கிட்டு நிக்கிற? அண்ணன்தான, ஏறிப் போ” என்று அதட்டினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தாள். பிறகு ஏறினாள். பங்கிராஸ் கர்ணனிடம், “ஏலே, பத்திரமாக் கொண்டுபோயி விடு” என்று வேறு சொன்னார்.

பைக் மார்க்கையன்கோட்டைக்குப் போகவில்லை. வாய்க்கால் கரையில் திரும்பிப் பேச்சிமுத்துவின் தோப்புக்குள் நுழைந்தது. தோப்பு நடுவில் மோட்டார் ரூம். அங்கே அவன் என்ன செய்யப் பார்த்தான் என்பதை அவள் பிறகு ஒரு வாக்கியத்தில் சொன்னாள், எழுதிக் கொடுத்த புகாரிலும் ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. அவள் கத்தினாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. அவன் கையைக் கடித்தாள், சதை கிழியும் வரை விடவில்லை. தோளில் கிழிந்த சட்டையோடு வாழைகளுக்கு நடுவே ஓடி வயலுக்கு வந்தாள். களை பறித்துக்கொண்டிருந்த பெண்களில் பொன்னாத்தாள் என்பவர் தலைத்துண்டை அவிழ்த்து அவள் மேல் போர்த்தி, வயலில் இருந்த அத்தனை பெண்களையும் சேர்த்துக்கொண்டு வீடு வரை கொண்டுவந்து விட்டார்.

அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வெளியே தெரிந்தால் என்னாகும் என்றார். மறுநாள் காலையில் கௌமாரி அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி ஷரீபாவின் வீட்டுக்குப் போனாள். போலீசுக்கே நேராகப் போவோம் என்றார் ஷரீபா. தகவல் தெரிந்த முதல்வர் கையைப் பிசைந்தார். முதலில் இங்கே ஒரு விசாரணை, அதன் முடிவைப் பார்த்துப் போலீஸ் என்றார். அந்த ‘பார்த்து’ என்ற சொல்லில் பேச்சிமுத்துவின் பந்தல் நின்றது.

விஷயம் கேட்ட அன்று பங்கிராஸ் வகுப்பு எடுக்கவில்லை, மைதானத்துக்கும் போகவில்லை. அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் பந்து கேட்டு வந்தார்கள், அவருக்குக் காது கேட்கவில்லை. அவமானமா பயமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் பேச்சிமுத்து பங்கிராஸின் வீட்டுக்கு வந்தார். ஒரு பெட்டி பன்னீர் திராட்சையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். சத்தம் போடுகிற ஆள் இல்லை.

“சார், நான் ஒங்களப் பொய் சொல்லச் சொல்லல. நீங்க கோயிலுக்குப் போற மனுசன். உள்ளதச் சொன்னாப் போதும். கயித்தக் கட்டுனது யாரு? அந்தப் புள்ள. வண்டியில ஏறுனது யாரு? அந்தப் புள்ள. நடுரோட்டுல, நூறு பேரு பாக்க. எம்மகன் தூக்கியா வச்சான்? இதுல நான் ஒண்ணு கூட்டிச் சொல்லிருக்கனா?”

“இல்ல” என்றார் பங்கிராஸ்.

“அம்புட்டுத்தேன். ஏறச் சொன்னது யாருங்கிற பேச்ச நானும் எடுக்கல, நீங்களும் எடுக்க வேணாம். ஒங்களுக்கும் சர்வீஸ் கெடக்கு.”

அவர் போன பிறகு பங்கிராஸ் அதையே மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொய்கூட அகப்படவில்லை. கட்டினாள், ஏறினாள். இரண்டும் நடந்தது. நாளைக்கு அவர் இந்த இரண்டை மட்டும் சொன்னால் பையன் தப்பிப்பான், அவர் பெயரும் தப்பிக்கும், கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றியவன் கதையையும் ஓய்வு பெறுகிற வரை சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்தப் பெண் மட்டும், தானாகப் போய்விட்டுப் பழி போட்டவள் ஆவாள். படிப்பு அதோடு நிற்கும். இதை யோசிக்க அவருக்கு வெகு நேரம் தேவைப்படவில்லை. அப்படியும் நாளைக்கு எதைச் சொல்வது என்று தெரியவில்லை, அதுதான் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மனைவி பிலோமினா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். திராட்சைப் பெட்டியை எடுத்து உள்ளே வைக்கவில்லை. வந்து எதிரே உட்கார்ந்தார்.

“அந்தப் புள்ள சரின்னு சொல்லுச்சா?”

“கட்டுச்சே.”

“கட்டுனதக் கேக்கல. சரின்னு சொல்லுச்சான்னு கேட்டேன்.”

“வண்டியில ஏறுச்சு. நாந்தேன் பாத்தனே.”

பிலோமினா விடவில்லை. “நம்ம கல்யாணத்துக்குக் கோயில்ல ஓலை வாசிக்கிறதுக்கு முன்னால சாமியாரு என்னயக் கூப்பிட்டு விட்டாரு. எங்கப்பாவும் கூட வந்தாக. சாமியாரு எங்கப்பாவ வெளிய போயி நில்லுய்யான்னு சொல்லிட்டாரு. அவருக்கு வந்த கோவத்தப் பாக்கணும். கதவச் சாத்திட்டு என்னயக் கேட்டாரு, யாராச்சும் மெரட்டுனாகளா, ஒனக்கு மனசாரச் சம்மதந்தானான்னு. அம்புட்டுப் பேரு பாக்கக் கோயில்ல வச்சும் கேப்பாரு. ஆனா அங்கன எந்தப் புள்ள இல்லன்னு சொல்லும்? அதுக்குத்தேன் மொதல்ல தனியாக் கேக்குறது. நீங்க அந்தப் புள்ளையத் தனியாக் கேட்டீகளா?”

“அது தானா வாயத் தொறந்து சொல்லுச்சு பிலோமி” என்றார் பங்கிராஸ். “வேணாம்னுதேன் சொல்லுச்சு.”

பிலோமினா சோறு போட எழுந்து போனார். திராட்சைப் பெட்டி மறுநாள் காலையில் பஸ் டிரைவர் ஒருவர் கையில் சின்னமனூருக்கே திரும்பிப் போனது.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் முதல்வரும் ஷரீபாவும். இந்தப் பக்கம் ஒரு மூலையில் கர்ணன், கையில் கட்டு, பக்கத்தில் பேச்சிமுத்து. இன்னொரு மூலையில் கௌமாரியும் அவள் அம்மாவும். கர்ணன் முதலில் சொன்னான். அவளாகத்தான் வந்தாள், வந்த இடத்தில் எதற்கோ கோபித்துக்கொண்டு கடித்தாள், வேண்டுமானால் பி.டி. சாரைக் கேளுங்கள் என்றான். சாரைக் கைகாட்டும்போது அவன் முகத்தில் சந்தேகமே இல்லை. அவர் தன்னை ஒருநாளும் கைவிட மாட்டார் என்று நம்பியிருந்தான்.

முதல்வர் கேட்டார். “கயிறு கட்டினது இந்தப் பொண்ணுதானே சார்?”

“ஆமா சார்.”

“அன்னைக்கு வண்டியில ஏறினதை நீங்க பாத்தீங்க.”

“பாத்தேன் சார்.”

பேச்சிமுத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முதல்வர் பேனா மூடியைப் போடப் போனார். கௌமாரியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இன்னும் நான் சொல்லி முடிக்கல சார்” என்றார் பங்கிராஸ். அவர் உட்காரவில்லை, நின்றபடியே பேசினார். “கட்டுச்சு. கட்டுறதுக்கு முன்னாடி, எனக்கு அண்ணன் வேணாம், இவரு பக்கத்துல வராம இருந்தாப் போதும்னு சொல்லுச்சு. நாந்தேன் கையப் புடிச்சுக் கட்ட வச்சேன். பெறகு ஒருநாள் கிரவுண்டுக்கு வந்து அத அறுத்து விடுங்கன்னுச்சு. நான் கேக்கல. அன்னைக்குக் கேட்ல நடந்து போறேன்னு நின்னுச்சு. நாந்தேன் அதட்டி ஏத்திவிட்டேன். அது ஒரு தடவகூடச் சரின்னு சொல்லல சார். நானும் இந்தக் கர்ணனும் சேந்துதேன் சரின்னு சொன்ன மாதிரி ஆக்கிட்டோம்.”

பேச்சிமுத்து மெதுவாகக் கேட்டார். “அப்பக் குத்தம் ஒங்க மேலதான சார்? எம்மகன எதுக்கு நிப்பாட்டி வச்சிருக்கீக?”

“எங்குத்தம் எனக்கு. மெமோ குடுக்கட்டும், வாங்கிக்கிறேன். அதக் காட்டி இவன் தப்பிக்க முடியாது. நான் ஏறச் சொன்னது வீட்டுக்குப் போக. மோட்டார் ரூமுக்கு எவன் போகச் சொன்னது? அங்கனயும் அது வேணாம்னுதேன் கத்திருக்கு. ஏலே கர்ணா, கட்ட அவுத்துக் காட்டுலே. சரின்னு சொன்ன புள்ளையோட பல்லா அது?”

கர்ணன் கட்டை அவிழ்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். சாரைத் தவிர வேறு யார் கேட்டிருந்தாலும் எதிர்த்துப் பேசியிருப்பான்.

அன்று சாயங்காலமே ஷரீபா கௌமாரியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். கல்லூரியில் முதல் டிஸ்மிஸ் நடந்தது. வழக்கு மற்ற வழக்குகளைப் போலவே வாய்தா வாய்தாவாக இழுத்தது. பங்கிராஸ் கூண்டேறி அதே சாட்சியைச் சொன்னார். தண்டனை ஆனது, அப்பீலும் ஆனது. அவருக்கு மெமோ வந்தது. விழாவுக்குப் பந்தல் வேறு ஆள் போட்டார். வாலிபால் அணி அந்த வருஷம் முதல் சுற்றிலேயே தோற்றது, அதற்கும் சேர்த்து அவரைத்தான் திட்டினார்கள். கௌமாரி தேர்வு எழுதினாள், மூன்றாம் ஆண்டையும் முடித்தாள். வராந்தாவில் எதிரே வந்தால் “வணக்கம் சார்” என்பாள், நிற்க மாட்டாள்.

பங்கிராஸ் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றார். ஷரீபா விடவில்லை. புகார் சொல்ல வருகிற பெண்ணிடம் ஷரீபா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார், உனக்கு என்ன வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. பங்கிராஸுக்கு வெளியே நிற்கிற வேலை. அந்தப் பக்கம் எவனும் எட்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதலாண்டுப் பையன்களுக்கு நடந்த கதையை, பெண்ணின் பேர் சொல்லாமல், தன் பேரைச் சொல்லியே சொல்வார். பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தமில்லை, சிரித்தாலும் இல்லை, கூட வந்தாலும் இல்லை, நேற்றுச் சரி என்றவள் இன்றைக்கு வேண்டாம் என்றால் இன்றைக்கு வேண்டாம்தான் என்பார். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒருவன், “சார், அதெப்பிடி சார் ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக்கிட்டே இருக்க முடியும்?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

“கேக்க முடியலன்னா செய்யாத” என்றார் பங்கிராஸ். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள், பொன்னாடை போட்டார்கள், ஒழுக்கத்தின் தூண் என்றெல்லாம் பேசினார்கள். வீட்டுக்கு வந்தும் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த வாரமே ஒருநாள் மத்தியானம் மார்க்கையன்கோட்டைக்குப் பஸ் ஏறினார். பிலோமினாவிடம் எங்கே என்று சொல்லவில்லை.

கௌமாரி அப்போது தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அரைப்பரீட்சை லீவு, வீட்டில்தான் இருந்தாள். அம்மா பதறிப்போய்ச் தைக்க வந்திருந்த துணிகளை ஒதுக்கி நாற்காலி போட்டார். பங்கிராஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“ஆத்தா, ரிட்டயர் ஆயிட்டேன். இத்தன வருசமா உள்ள கெடந்து அறுக்குது. நான் ஒனக்குப் பண்ணுனது பெரிய தப்பு. என்னய மன்னிச்சிரு.”

கௌமாரி கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பதில் சொன்னபோது குரலில் கோபம் இல்லை.

“அன்னைக்கு விசாரணையில நீங்க உள்ளதச் சொன்னீக சார். சொல்லலன்னா நான் இன்னைக்கு டீச்சர் இல்ல. அத மறக்கல. ஆனா அந்தக் கேட்ல ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டே நின்னேன் சார். ஒங்களுக்குத் தெரிஞ்சிரும்னு நெனச்சேன். அது இன்னும் போகல. மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு வரல.”

“ஏண்டி!” அம்மாவுக்குத் தாங்கவில்லை. “சாரு வயசென்ன, இம்புட்டுத் தூரம் தேடி வந்திருக்காக. ஒரு வார்த்த சொன்னா நீ என்ன கொறஞ்சா போயிருவ? சொல்லுடி. மன்னிச்சிட்டேன் சார்னு சொல்லு.”

கௌமாரி அம்மாவைப் பார்த்தாள். “வேணாம்மா.”

“சொல்லுங்கிறேன்ல!”

“விடுங்கம்மா” என்றார் பங்கிராஸ். அதட்டல் அல்ல, ஆனால் அந்த அம்மா சட்டென்று நிறுத்திக்கொண்டார். “வேணாம்னு சொல்லிருச்சுல்ல. அதுக்கு மேல யாரும் கேக்கக் கூடாது. நானுந்தேன்.”

அவர் எழுந்தார். வந்த காரியம் நடக்கவில்லை. மனசு வலித்தது, கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை. வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தார்.

பின்னாலிருந்து கௌமாரி சொன்னாள். “அடுத்த பஸ்ஸு நாலரைக்குத்தேன் சார். வெயில்ல ஏன் நிக்கப் போறீக? டீ போடுறேன், குடிச்சிட்டுப் போங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.